இரண்டு தடவை அமுக்கினால்

மூன்று பேட்டரி இருக்கிறது, மூன்றுமே அந்த வண்டிக்குள் உட்காரும், எதை எடுக்கட்டும் அம்மிணி என்று கேட்டுவிட்டுக் கடை மெக்கானிக் மயில்சாமி அண்ணன் டிக்கியைத் திறக்கப் போய்விட்டார், நான் ராக்குக்கு முன்னால் துணியும் கையுமாக நிற்கிறேன். முதலாளி குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு என்று காலையிலேயே போய்விட்டார், இன்றைக்குப் பார்த்து. அந்தக் கறுப்பு வண்டி கடை ஷெட்டுக்குள் மூக்கை நுழைத்து நிற்கிறது. அதே வண்டிதான். நம்பரைப் பார்க்க வேண்டியதில்லை, பின்னால் இடது கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு கீறல், கேட்டில் உரசினது, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான், சரியாகப் பிடிக்கவில்லை என்று பத்து நாள் பேச்சு வாங்கினேன். உள்ளே அவள். வர்ஷாக்கா. மேடம்னு கூப்பிடாத, அக்கான்னே கூப்பிடு, மேடம்னா தூரமா இருக்கு என்று முதல் நாளே சொன்னவள். முடியை இப்போது குட்டையாக வெட்டியிருக்கிறாள், மற்றபடி அதே கழுத்து, அதே கைக்கடிகாரம், போனைக் காதில் வைத்தால் நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற அதே பழக்கம். சிக்னலில் நின்றுபோன வண்டியை மயில்சாமி அண்ணன் வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிக் கொண்டுவந்தார். வந்ததும் அவள் கதவை ஒரு முழம் திறந்து, கடைப் பக்கம் பார்த்து, "ஹலோ, நல்லதாப் போடுங்க. விலை எல்லாம் பிரச்சனையில்ல. குழந்தை போற வண்டி" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்து, நான் கட்டியிருக்கிற இந்தப் பச்சைச் சேலையைப் பார்த்து, கையில் இருக்கிற கரித்துணியைப் பார்த்து. பார்த்துவிட்டு மறுபடி நகத்துக்குப் போய்விட்டாள். ஒன்றேகால் வருஷம் அவள் வீட்டில் இருந்தேன். அவள் பிள்ளையின் நகத்தை வெட்டினது நான்.

எனக்கு இந்த மூன்றையும் தெரியும். ஏழாவதோடு நின்றவள்தான், ஆனால் பேட்டரியில் எழுதியிருக்கிற நம்பர் எல்லாம் எனக்குப் பாடம். மேல் தட்டில் இருப்பது போன வாரம் வந்தது, இந்த மாதிரிப் பெரிய வண்டிகளுக்கென்றே செய்தது, ஆசிட்டை உள்ளே பஞ்சு மாதிரி ஒன்றில் உறிஞ்ச வைத்திருப்பார்கள், கவிழ்த்தாலும் சிந்தாது. நடுத்தட்டில் இருப்பது சாதா, அளவு ஒன்றுதான், ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் அணைந்து அணைந்து தானாகக் கிளம்புகிற வண்டியில் அதைப் போட்டால் நாலு மாசம்கூட இழுக்காது. கீழ்த்தட்டில் சாக்கு மூடிக் கிடக்கிறதே, அது மேலே இருக்கிற ஜாதிதான், ஆனால் ஒருத்தர் வாங்கிப்போய் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தது. சார்ஜில் போட்டால் மீட்டரில் பன்னிரண்டு புள்ளி ஏழு வோல்ட் என்று நல்ல பிள்ளை மாதிரி காட்டும். ரெண்டு வாரம், மூணு வாரம் ஓடும். அப்புறம் ஒரு நாள் ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துப்போகும். எங்கே சாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்றுத்தான் அதைக் கம்பெனிக்கு அனுப்ப சார்ஜ் ஏற்றி வைத்தேன். சோடா உப்புத் தண்ணீரில் துடைத்து, மாசம் வருஷம் போட்ட ஸ்டிக்கரை மாற்றி ஒட்டினால் தீர்ந்தது. ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. மயில்சாமி அண்ணன் நான் எடுத்து வைப்பதைத் தூக்கிக்கொண்டு போவார், கேட்க மாட்டார். நான் பேசாதவள் என்று இந்தக் கடைக்கே தெரியும். போன் வந்தால் நான் சொல்கிற விலை எதிர்ப்பக்கம் விழாது, சத்தமாச் சொல்லும்மா, சத்தமா, என்று கத்துவார்கள், முதலாளி சிரித்துக்கொண்டே போனை வாங்கிக்கொள்வார். வர்ஷாக்காவும் அப்படித்தான். என்ன முணுமுணுக்கற, சத்தமாப் பேசு சாந்தி.

சாந்தி. அது என் பேரே இல்லை. என் பேர் துளசிமணி. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அவள் மாமியார் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, "பேரென்ன?" என்றார், சொன்னேன், அந்தம்மா முகம் சுண்டிப்போயிற்று, ஏனென்றால் அவர் பேரும் துளசிமணி. "வேலைக்காரிய எம்பேரச் சொல்லி ஏவறதா? நல்லாருக்குது போ" என்றார். வர்ஷாக்காவுக்கு வேறு ஒரு கஷ்டம், அத்தை பேரை வாயால் சொல்ல மாட்டாள், கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒரு தடவை சொன்னதில்லையாம், பாங்கில் பாரத்தில் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவாளாம். ரெண்டு பேரும் சேர்ந்து என்னைச் சாந்தியாக்கினார்கள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதுதான் எனக்குத் தெரியும். என் பிள்ளை தன்ஷிகா பிறந்து மூணு மாசம் அப்போது. அவளைப் பக்கத்து வீட்டு ரெஜினா அக்காவிடம் விட்டுவிட்டு வர்ஷாக்கா வீட்டுக்குப் போய் அவள் பிள்ளை ஆத்யா பாப்பாவைத் தூக்குவேன். ஆத்யா அழுதால் எனக்குப் பால் சுரந்துவிடும். ஜாக்கெட் நனைந்துவிடும். வர்ஷாக்கா மூக்கைச் சுளித்து, "போய் மாத்திட்டு வா சாந்தி, ஒரு மாதிரி வாசம் வருது" என்பாள். பாத்ரூமில் நின்று கையால் பீய்ச்சிக் கொட்டினேன், தண்ணீர் விட்டுக் கொட்டினேன், அந்த நேரத்தில் என் பிள்ளை புட்டியில் பவுடர் பால் குடித்துக்கொண்டிருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யார் கேட்டார்கள். கவுண்ட்டருக்குக் கீழே தன்ஷிகா உட்கார்ந்திருக்கிறாள் இப்போது. பேட்டரி முனைக்குப் போடுகிற பிளாஸ்டிக் மூடிகள், சிவப்பு தனி கறுப்பு தனி, ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாற்றிக்கொண்டே இருப்பாள், சாயங்காலம்வரை மாற்றுவாள். இடது கையால். வலது கை மடியில் கிடக்கும், விரல் நாலும் உள்ளே சுருண்டு, எதையோ பிடித்து வைத்திருக்கிற மாதிரி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்துக்கொள்ள விடுகிற வேலை இது ஒன்றுதான். இது போனால் இன்னொன்று கிடையாது. அதையும் நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொண்டே சாக்கை விலக்குகிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கு, ஒரு பெரிய துணிக்கடையின் கீழ்த்தளம். வண்டியாக நிற்கும், வெளிச்சமே இருக்காது, குளிர்ந்து கிடக்கும். ஆத்யா என் மடியில் தூங்கிவிட்டாள். "எழுப்பாத. பத்தே நிமிஷம், வந்துடறேன்" என்று கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டு வர்ஷாக்கா இறங்கினாள். அந்த இடுக்கு வழியாக இன்னொன்றும் சொன்னாள், "பாப்பாவத் தூக்கிட்டு எங்கியும் போயிடாத" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். டிக், டிக். வெளியே ரெண்டு பக்கக் கண்ணாடியும் காது மாதிரி மடிந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் ரெஜினா அக்கா போன். "துளசி, புள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது, கண்ணு மேல சொருகுது, வெட்டி வெட்டி இழுக்குது, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு ஓடட்டுமா?" நான் என்ன சொன்னேன். அதுதான். அதைத்தான் திரும்பத் திரும்ப. "இதோ வர்றேங்க்கா, முக்கு பஸ் ஸ்டாப்புல நில்லுங்க, பத்து நிமிஷம், ஆட்டோவுல வந்துருவேன்" என்றேன். பெத்தவள் இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அக்காவுக்குப் பயம், தடுப்பூசி அட்டையும் என் பையில். சொல்லிவிட்டுப் பாப்பாவைத் தோளில் போட்டுக் கைப்பிடியை இழுத்தேன். வரவில்லை. பொம்மை மாதிரி இழுபட்டு இழுபட்டுத் திரும்பிற்று. அந்தப் பக்கக் கதவு. முன்னால் ஏறிக் குதித்து அந்தக் கதவு. எங்கெங்கோ பட்டன், எல்லாவற்றையும் அமுக்கினேன். வர்ஷாக்காவுக்குப் போன் போட்டேன், கட் பண்ணினாள். மறுபடி போட்டேன். "ட்ரெஸ் போட்டுப் பாத்துட்டிருக்கேன் சாந்தி, என்ன அவசரம்?" என்றாள், நான் சொன்னேன், சொன்னது எனக்கே கேட்கவில்லை, "சத்தமாப் பேசு, ஒண்ணும் விளங்கல" என்று வைத்துவிட்டாள். ஒரு வாட்ச்மேன் டார்ச்சைச் சுழற்றிக்கொண்டு வண்டிக்கு ரெண்டடி தூரத்தில் நடந்து போனான். கையைத் தூக்கினேன். கண்ணாடிவரை போன கை தட்டவில்லை. தட்டினால் பாப்பா எழுந்துவிடும், எழுந்தால் அழும், யாரோ ஒரு ஆம்பளை, என்னவென்று கேட்பான், கதவு திறக்கத் தெரியவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது. வெட்கம். வெட்கம்தான். அவன் போய்விட்டான். கை கண்ணாடியில் பட்டும் படாமல் அப்படியே நின்றது. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் உள்ளேயே இருந்தேன். ரெஜினா அக்கா முக்கில் என் பிள்ளையை ஏந்திக்கொண்டு, நான் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு, நாற்பது நிமிஷம் நின்றார்கள், அப்புறம்தான் என்னை நம்பாமல் ஓடினார்கள்.

இன்னும் அரைமணிக்கு முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. தன்ஷிகாவின் வலது கை அதற்கப்புறம் விரியவில்லை. என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்து, "ஒரு கதவு தொறக்கத் தெரியாமப் போச்சா உனக்கு" என்றார், மெதுவாகத்தான் சொன்னார், ஒரே ஒரு தடவை, அப்புறம் இந்த ரெண்டு வருஷமாகச் சொன்னதே இல்லை. சொல்லாமல் இருப்பது தினமும் கேட்கிறது. வர்ஷாக்காவிடம் வேலைக்கு வரவில்லை என்று சொல்லப் போனேன். அவள் சொன்னாள், "ஏன் சாந்தி, கதவத் தெறந்துட்டுப் போயிருக்க வேண்டியதுதான? நானா உன்னப் புடிச்சு வெச்சேன்?" ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் கழுத்தை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் அவள் வீட்டு வாட்ச்மேனிடம் ஆத்யாவின் பழைய பொம்மை ஒன்றைக் கொடுத்தனுப்பினாள், சாவி கொடுத்தால் கை தட்டுகிற பொம்மை. கை தட்டுகிற பொம்மை. தேடிப் பிடித்து அனுப்பியிருப்பாளோ, இல்லை யோசிக்கவே இல்லையோ. யோசிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். வேண்டுமென்று செய்தவளையாவது எதிரி என்று சொல்லிக்கொள்ளலாம். சரி. கீழ்த்தட்டுதான். துடைத்தாயிற்று. மீட்டரின் ரெண்டு முள்ளையும் வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டு புள்ளி ஏழு. நிற்கட்டும். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் வளைவில் நிறுத்திப் படம் எடுப்பாள், திரும்ப ஏறினால் கிளம்பக் கூடாது. முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை, போனில் சிக்னல் கோடு இல்லை, அப்படி ஒரு இடத்தில். கெஞ்சட்டும் யாரிடமாவது. இன்னொன்றும் உண்டு, இந்த வண்டிக்குப் பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால் அதன் வாயு வெளியே போக ஒரு சின்னக் குழாய் மாட்டவேண்டும், அது நழுவிக்கிடந்தால் யாருக்குத் தெரியும் என்றும் மனசு போகிறது, போன வேகத்தில் திரும்பி வருகிறது, பின் சீட்டில் உட்காருவது ஆத்யா. சோறூட்டினால் கடைசி வாயை எனக்கு ஊட்டுகிறவள். இல்லை, குழாய் வேண்டாம். மலைப்பாதை என்றாலும் ஆத்யா இருப்பாளே. இருக்கட்டும், வண்டி நின்றால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஒன்றும் ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும். அன்றைக்கு வர்ஷாக்காவுக்குத் தெரிந்ததா. போதும். ஸ்டிக்கரை எடுத்தேன், இந்த மாசம், இந்த வருஷம், நேராக ஒட்டினேன், கோணாமல்.

"என்ன அம்மிணி, பேட்டரிக்குச் சீவிச் சிங்காரிச்சுப் பொட்டு வெச்சாச்சா?" மயில்சாமி அண்ணன் பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு வந்தார். வாய் சும்மா இருக்காது அவருக்கு. "டிக்கி கூடக் கரண்டுல தெறக்குதாமா இந்த வண்டி. செத்துப்போச்சுன்னா சாவிக்குள்ள ஒரு குட்டிச் சாவி இருக்குது, அத உருவித்தான் தெறக்கோணும். கோடி ரூவா வண்டி, கடைசீல வெரக்கடை சாவிதான்." சிரித்துக்கொண்டே வண்டிச் சாவியைக் கவுண்ட்டரில் போட்டார். "இந்தச் சாவிய மட்டும் உம்பொண்ணுகிட்டக் குடுத்துறாத. பட்டன ஒருக்கா அமுக்குனா சாதாப் பூட்டு, உள்ள இருக்கறவங்க கைப்பிடிய இழுத்தாத் தெறந்துக்கும். ரெண்டு தடவ அமுக்குனயின்னா தீந்துது. திருடன் கண்ணாடிய ஒடச்சுக் கையை விட்டாலும் தெறக்கக் கூடாதுன்னு அப்புடிப் பண்ணி வெச்சிருக்கறான். போன மாசம் ஒருத்தர் ஊட்டு டிரைவர் உள்ள தூங்கறது தெரியாமப் பூட்டிப்போட்டு ஓனர் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. அந்தாளு ஒண்ணுக்குக் கூடப் போக முடியாம…" நான் கேட்டேன். என் குரல்தான், ஆனால் எனக்கே வேறு ஆள் மாதிரி இருந்தது. "உள்ளேருந்து இழுத்தாலுமுங்ளாண்ணா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் எதையும் கேட்டு அவர் பார்த்ததில்லை. "இழுத்தாலும் வராது, ஒதச்சாலும் வராது. இஞ்சினியரா இருந்தாலும் உள்ளயே உக்கோர வேண்டியதுதான். வெளிய இருக்கறவங்க மனசு வெக்கோணும்." "ரெண்டு தடவை அமுக்குனது எப்படித் தெரியுமுங்ணா?" "டிக் டிக்குன்னு ரெண்டு சத்தம். கண்ணாடி ரெண்டும் காது மடக்கற மாதர மடிஞ்சுக்கும்."

டிக். டிக். ரெண்டு. நான் கேட்டேன் அந்த ரெண்டையும், ரெண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ராத்திரியில் தண்ணீர் சொட்டினால் கேட்கிறேன், மீட்டர் பட்டனைத் தட்டினால் கேட்கிறேன், ஆனால் எண்ணவில்லை. பாப்பாவத் தூக்கிட்டு எங்கியும் போயிடாத. அதற்குத்தான் ரெண்டாவது. வேலைக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று. எனக்குக் கதவு திறக்கத் தெரியாமல் இல்லை. எனக்குத் தெரிந்திருந்தது. இழுக்க வேண்டிய இடத்தில்தான் இழுத்தேன். கதவு திறக்கக்கூடாது என்று அவள் வெளியே நின்று விரலால் சொல்லியிருந்தாள், சொல்லிவிட்டு, நானா புடிச்சு வெச்சேன் என்று கேட்டாள், நான் தலையாட்டினேன். மார்புக்குள் என்னமோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது, விழுந்த இடத்தில் வேறொன்று எழுந்து நின்றது. மயில்சாமி அண்ணன் குனிந்து கீழே கிடந்த என் ஸ்டிக்கர் ஒட்டின பேட்டரியை முக்கித் தூக்கினார், கடை வாசல்வரை போய்விட்டார். "அண்ணா, அது வேண்டாம்" என்றேன். "என்னாச்சு?" "அது தங்காதுங்ணா. மேல் தட்டுல இருக்கறதப் போடுங்க." "ஏம்மா, இருவத்தஞ்சு கிலோவத் தூக்க வெச்சு வேடிக்கை பாக்கறியா, மொதல்லயே சொல்றதில்ல?" என்று முனகிக்கொண்டு இறக்கி வைத்தார். மலைப்பாதையில் எனக்குத் தெரியாமல், நான் பார்க்காத ஒரு நாளில், யாரோ ஒருத்தன் செய்த மோசம் என்று அவள் நினைத்துக்கொள்கிற ஒன்று எனக்கு வேண்டாம். என் கண்ணுக்கு முன்னால் வேண்டும். என்னால் என்று தெரிய வேண்டும். பேட்டரியைக் குறை சொல்லி அவள் தப்பித்துக்கொள்ள ஒரு பொட்டு இடம் இருக்கக்கூடாது, அதனால் இருப்பதிலேயே நல்லது, புத்தம் புதுசு. இந்தக் கடையில் இதைவிட நல்ல பேட்டரி கிடையாது அக்கா. குழந்தை போகிற வண்டி. திருப்பி வந்ததன் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்து, மேலே இருந்ததில் புதுசு ஒட்டினேன்.

அவர் மாட்டுகிறார், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், முதலில் சிவப்பு, அப்புறம் கறுப்பு, அப்புறம் அந்தச் சின்னக் குழாய், அதை ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொன்னேன், "இன்னிக்கு என்னமோ வாய் தெறந்துருச்சு உனக்கு" என்றார். ரோட்டில் ஜல்லி லாரி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று, வர்ஷாக்கா சட்டென்று கதவை இழுத்து மூடிக்கொண்டாள், போனை வைக்கவில்லை. டிக்கியை அடைத்தாயிற்று. மயில்சாமி அண்ணன் கை கழுவப் பின்பக்கம் போனார், சோப்புப் போட்டுக் கழுவினால் அவருக்கு அஞ்சு நிமிஷம். சாவி கவுண்ட்டரில். தன்ஷிகா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இடது கை நீளுகிறது. "வேண்டாம் சாமி, அம்மாக்கிட்டக் குடு" என்று எடுத்துக்கொண்டேன். கனமாக இருந்தது. ஷெட் நிழல், வெயில் இல்லை, ஒன்றும் ஆகாது அவளுக்கு, அன்றைக்கு எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் இந்த வேலை போகும். போனால் போகட்டும் என்று வரவில்லை, போகக்கூடாது, போகக்கூடாது என்றுதான் வருகிறது, ஆனாலும் கால் நடக்கிறது. வாரண்டி அட்டை ஒரு கையில். அவள் கதவுக்கு நேராக நின்று கட்டை விரலால் அமுக்கினேன். டிக். இன்னொன்று. டிக். ரெண்டு கண்ணாடியும் மடிந்தது.

அவள் பேசி முடித்து, போனைப் பையில் போட்டு, கதவுக் கைப்பிடியை இழுத்தாள். இழுத்தாள். நெற்றி சுருங்கிற்று. மறுபடி இழுத்தாள், அந்தப் பக்கம் எம்பி அதை இழுத்தாள், பட்டன் பட்டனாக அமுக்கினாள். அந்த ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும், எது எதற்கு அடுத்தது என்று என்னால் சொல்ல முடியும். அப்புறம் நான் செய்யாததைச் செய்தாள், கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். வெட்கமே இல்லாமல், உரிமையாக. எப்படித் தட்டுகிறாள் பார். நான் நகரவில்லை. வாரண்டி அட்டையைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன், அப்புறம் சாவியைத் தூக்கிக் காட்டினேன். அப்போதுதான் பார்த்தாள். சேலையை இல்லை, துணியை இல்லை, முகத்தை. வாய் திறந்தது. "சாந்தி?" கண்ணாடி தடுத்துப் பூனை கத்துகிற மாதிரி வந்தது. "தெறங்க்கா" என்றேன். "கதவத் தெறந்துட்டு வர வேண்டியதுதான? நானா புடிச்சு வெச்சிருக்கேன்?" நான் சொன்னது அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினது. கைப்பிடியில் இருந்த கை எடுக்க மறந்து அப்படியே இருந்தது, விரல் நாலும் உள்ளே சுருண்டு. போனுக்குப் பையில் கைவிட்டாள், யாரைக் கூப்பிட, என்ன சொல்ல, என்று யோசிப்பது தெரிந்தது, கையை எடுத்துவிட்டாள். ஒன்றைச் சொன்னாள், ப்ளீஸ் என்று இருக்கும், சாரி என்று இருக்கும். அது எனக்கு வேண்டாம். பின்பக்கம் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. "சாந்தி இல்லீங்க்கா" என்றேன். "எம்பேரச் சொல்லுங்க. தெறக்கறேன்." அவள் என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரியும். வீட்டில் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பேர், ஒன்பது வருஷமாக வாயில் வராத பேர். உதடு குவிந்தது, பல் தெரிந்தது, மூச்சில் கண்ணாடி ஒரு வட்டம் பனித்தது, அதற்குப் பின்னால் என் பேர் வந்துகொண்டிருந்தது. கவுண்ட்டருக்குக் கீழே என் பிள்ளை மூடிகளை மாற்றுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள். நான் காதைக் கண்ணாடியோடு வைத்தேன். சாவி கையில் வேர்த்துக் கிடந்தது.

"கேக்கலீங்க்கா" என்றேன். "சத்தமா."